காயலாங்கடைக்குப் போக இருந்த எஞ்சின்: ஒரு 1969 ஜிடிஓவோட முழு கதை

என்கூட வேலை பாக்கற நண்பர் ஒருத்தர், மிச்சிகன்லயே பொறந்து வளர்ந்தவர். அப்பா தவறி ஆறு மாசம் கழிச்சு ஒருநாள் லஞ்ச் டைம்ல வந்து, அப்பாவோட பழைய கார் ஒண்ணு ஷெட்டுல நிக்குது, அம்மா வீட்டை வித்துட்டு தங்கச்சி ஊருக்குப் போறாங்க, காரை என்ன பண்றதுன்னு தெரியல, நீ ஒரு தடவை வந்து பாக்கறியான்னு கேட்டார். என்ன கார்னு கேட்டேன். 1969 பாண்டியாக் ஜிடிஓ, வேகத்துக்குப் பேர்போன பழைய அமெரிக்க கார். அதுக்கப்புறம் எனக்கு சோறு எறங்கல.

நான் மெக்கானிக் எல்லாம் இல்ல. டெட்ராய்ட் பக்கம் வந்த நம்மாளுங்க பாதிப்பேர் மாதிரி கார் பார்ட்ஸ் சப்ளையர் கம்பெனில வேலை, அதுவும் எக்செல்லும் மீட்டிங்கும்தான். ஆனா பழைய அமெரிக்க வி8 எஞ்சின் மேல ஒரு கிறுக்கு உண்டு, அது ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், அதான் என்கிட்ட வந்தார்.

குடும்பத்துல அந்தக் காரைப் பத்தி மூணு விஷயம் வேதவாக்கு மாதிரி ஓடிட்டு இருந்துச்சு. ஒண்ணு, அப்பா ஷோரூம்ல புதுசா வாங்கினது. ரெண்டு, எஞ்சின் ஃபேக்டரில இருந்து வந்த அதே எஞ்சின். மூணு, அது ராம் ஏர் கார், அதாவது பானட் ஓட்டை வழியா வெளிக்காத்தை இழுக்கற ஸ்பெஷல் எஞ்சின் வச்ச கார். இந்த மூணுல கடைசில தேறினது ஒண்ணே ஒண்ணு.

எஞ்சின் அதே எஞ்சினான்னு எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேக்கலாம். 1969ல ஜிடிஓ மொத்தம் 72,287 கார் செஞ்சிருக்காங்க, அதுல ஜட்ஜ்ங்கற ஸ்பெஷல் மாடல் மட்டும் 6,833. அதனால ஜிடிஓங்கற பேருக்காக மட்டும் யாரும் கொட்டிக் குடுக்க மாட்டாங்க, பிறந்தப்போ இருந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்னும் அதே கார்ல இருக்கா, அவங்க பாஷைல 'நம்பர்ஸ் மேட்சிங்'கா, அதுதான் முதல் கேள்வி. நம்ம ஊர்ல ஆர்சி புக்கைத் திறந்தா எஞ்சின் நம்பர் தனியா சேசிஸ் நம்பர் தனியா இருக்கும், பாத்தா முடிஞ்சுது. அமெரிக்கால டைட்டில் பேப்பர்ல (இவங்க ஊர் ஆர்சி) வண்டியோட வின் நம்பர், அதாவது நம்ம சேசிஸ் நம்பர் மாதிரி ஒண்ணு மட்டும்தான். எஞ்சின் எதுன்னு இரும்புகிட்டயே போய் கேட்டுக்கணும்.

சனிக்கிழமை காலைல போனேன். பெரிய தகர ஷெட், உள்ள பச்சைக் கலர் கார், நாலு டயரும் காத்து இல்லாம தரையோட ஒட்டிக் கெடக்கு, மேல ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. பானட்ல ராம் ஏர்னு ஸ்டிக்கர். நண்பர் அதைக் காட்டி 'பாத்தியா'ன்னார். நான் ஒண்ணும் சொல்லல. 1969 ஜிடிஓ எல்லாத்துக்குமே பானட்ல அந்த ரெண்டு காத்து ஓட்டை உண்டு, ஸ்டிக்கர் யார் வேணா வாங்கி ஒட்டலாம்.

மொதல்ல கார் யாருன்னு பாக்கணும், அப்புறம்தான் எஞ்சின். டேஷ்போர்டு மேல டிரைவர் பக்கக் கண்ணாடி ஓரமா ஒரு சின்னத் தகடு இருக்கும், வெளிய நின்னே படிக்கலாம், 1968 மாடல்ல இருந்து அங்கதான் வைக்கறாங்க. ரெண்டு பக்கமும் பூ மாதிரி ஆறு இதழ் ரிவெட், அது கலையாம இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன், நல்லா இருந்துச்சு. நம்பர் 242379பி, அதுக்கப்புறம் ஆறு இலக்கம், அதை இங்க போட மாட்டேன். மொத 2 பாண்டியாக், 42 ஜிடிஓ, 37 ரெண்டு கதவு ஹார்ட்டாப், 9 வந்து 1969, பி பாண்டியாக் ஊர்ல இருந்த ஃபேக்டரி. கம்பெனி பேரும் பாண்டியாக் ஊர் பேரும் பாண்டியாக், மிச்சிகன்லதான் இருக்கு, இவங்க வீட்ல இருந்து பக்கம்தான். பானட் திறந்தா உள்சுவர்ல இன்னொரு தகடு, அதுல 04சி, அதாவது ஏப்ரல் மூணாவது வாரம் செஞ்ச பாடி. இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் கேஸையே புரட்டிப் போட்டுச்சு.

இப்போ எஞ்சின். பாண்டியாக் வி8ல ஒரு தொல்லை என்னன்னா 326ல இருந்து 350, 400, 428, 455 வரைக்கும் (எல்லாம் கன இஞ்ச் கணக்குல எஞ்சின் அளவு) வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒரே மூஞ்சி. உள்ள சிலிண்டர் விட்டமோ கிராங்க் அளவோ மாறும், ஆனா வெளிய நின்னு 'இது 400தான்'னு அடிச்சுச் சொல்றவரை நம்பாதீங்க. கலர் பெயின்ட், ஏர் கிளீனர் ஸ்டிக்கர், வால்வ் கவர் எதுவும் சாட்சி இல்ல, எல்லாம் கழட்டி மாட்டற சாமான். பிளாக்ல, அதாவது எஞ்சினோட வார்ப்பிரும்பு உடம்புல, குத்தினதும் வார்ப்புல வந்ததும் மட்டும்தான் பேசும்.

குத்தினது எங்க இருக்கும்னா, எஞ்சினோட முன்பக்கம், பாசஞ்சர் சைடு, ஹெட்டுக்குக் (பிளாக் மேல மூடி மாதிரி உக்கார்ற பாகம்) கீழ. அங்க எந்த மாதிரி எஞ்சின்னு சொல்ற ரெண்டெழுத்துக் குறியீடு, அதான் 'கோடு' (code), கூடவே எஞ்சின் யூனிட் நம்பர்னு ஒரு நீள நம்பர், அதுக்கும் கார் நம்பருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, இதைப் பாத்துட்டு 'ஐயோ மேட்ச் ஆகல'ன்னு அழுதவங்க நிறைய. அதுக்குக் கீழ, டைமிங் கவரை ஒட்டி, 1968ல இருந்து கார் வின் நம்பரோட சுருக்கம் குத்தியிருப்பாங்க: கம்பெனிக்கு 2, வருஷத்துக்கு ஒரு இலக்கம், ஃபேக்டரி எழுத்து, கடைசி ஆறு இலக்கம். இந்தக் கார்ல 29பின்னு ஆரம்பிச்சு கார் நம்பரோட முடியணும். 1967 வரைக்கும் இந்தச் சுருக்கமே கிடையாது, அந்தக் கார்க்காரங்க நிலைமை இன்னும் கஷ்டம்.

இதுல பாண்டியாக்ல ஒரு நல்லது உண்டு. செவ்ரலேல இந்த நம்பர் இருக்கற இடம் ஹெட் உக்கார்ற மேல்முகத்தோட நீட்சி, லேத் பட்டறைல பிளாக்கை ஒருதடவை மட்டம் தட்டினா நம்பர் காணாம போயிடும். பாண்டியாக்ல அது முன்முகத்துல இருக்கறதால எத்தனை தடவை மட்டம் தட்டினாலும் தப்பிச்சுக்கும்.

கோடு மேலாப்புல தொடச்சதுமே தெரிஞ்சுது. ஒய்எஸ். நண்பர் போன்ல லிஸ்ட்டைத் திறந்து பாத்தார், 1969 ஜிடிஓ, 400 எஞ்சின், நாலு பேரல் கார்புரேட்டர், 350 குதிரைசக்தி, ஆட்டோமேடிக் கியர். கார்லயும் ஆட்டோமேடிக்தான். மனுஷன் குதிச்சுட்டார். ராம் ஏர் கதை இங்கயே ஆட்டம் கண்டுச்சு, ராம் ஏர் 3 ஆட்டோமேடிக்னா ஒய்இசட் இருக்கணும், ராம் ஏர் 4ன்னா எக்ஸ்பி. ஆனா அதை அப்போ சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல. அதோட எனக்கு வேற ஒரு உறுத்தல். ஒய்எஸ் கோடு 1968லயும் உண்டு, 1969லயும் உண்டு, 1970லயும் உண்டு, மூணு வருஷமும் ஜிடிஓ ஆட்டோமேடிக்தான். கோடை மட்டும் பாத்து முடிவு பண்றது, ஊர்ல முருகேசன்னு கூப்பிட்டு திரும்பிப் பாத்தவன்கிட்ட எல்லாம் கடனைக் குடுக்கற மாதிரி.

கீழ வின் சுருக்கம் முழுசா தெரியல, ஒரு பிராக்கெட் பாதியை மறைக்குது, மிச்சம் ஐம்பது வருஷ கிரீஸும் மூணு கோட் நீல பெயின்ட்டும். நண்பர் உப்புத்தாள் எடுத்துட்டு வந்தார், கையைப் புடிச்சு நிறுத்தினேன். அந்த இடத்துல உப்புத்தாள், கிரைண்டர், கம்பி வீல் எதுவும் போகக்கூடாது, குத்தின எழுத்தோட ஆழம் ரொம்பக் கம்மி, ஒருதடவை தேஞ்சுதுன்னா திரும்ப வராது, அப்புறம் நாளைக்கு வாங்க வர்றவன் 'இதை யாரோ நோண்டியிருக்காங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடுவான். பிரேக் கிளீனர், பெயின்ட் உரிக்கற ஜெல், பித்தளை பிரஷ், பொறுமை, அவ்ளோதான். மொத ரெண்டு எழுத்து தெரிஞ்சுது. 2, அப்புறம் ஒரு வட்டம் மாதிரி. '29! 29!'ன்னார். எனக்கும் 9 மாதிரிதான் தெரிஞ்சுது, பொய் சொல்லல. மனசு எதைக் கேக்குதோ கண்ணு அதைத்தான் படிக்கும்.

பிராக்கெட்டைக் கழட்டிட்டு டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல தரையோட தரையா அடிச்சா நிழல் விழுந்து எழுத்து எழும்பும், அப்படியும் போட்டோல சரியா வரல. அப்போதான் நம்ம ஆர்டிஓ ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு. சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேச்சு எடுப்பாங்களே, எங்கப்பாவோட அம்பாசடருக்கு எஃப்சி எடுக்கறப்போ புரோக்கர் ஒருத்தர் டேஞ்சரான வேகத்துல அதைப் பண்ணினதை சின்ன வயசுல வாய் பொளந்து பாத்திருக்கேன். பேப்பர் கேட்டேன், நண்பரோட அம்மா கிச்சன்ல இருந்து கேக் சுடற பேப்பர் கொண்டுவந்து குடுத்தாங்க. கரெக்டான பேப்பர், மெல்லிசா வழுவழுன்னு. பென்சிலைப் படுக்க வச்சு மெதுவா தேச்சேன்.

20இசட். அப்புறம் ஆறு இலக்கம், காரோட ஆறு இலக்கத்துக்கும் அதுக்கும் ஒரு நம்பர்கூட ஒத்துப்போகல.

9ன்னு படிச்சது 0. அதாவது 1970 மாடல், இசட்டுன்னா கலிபோர்னியால ஃப்ரீமான்ட் ஃபேக்டரில செஞ்ச காரோட எஞ்சின். கலிபோர்னியா கார் எஞ்சின் மிச்சிகன் ஷெட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல.

நண்பர் ஒத்துக்கல. பின்பக்கம் போய் டிஸ்ட்ரிபியூட்டர் கிட்ட இருக்கற வார்ப்புத் தேதியைப் பாத்துட்டு வந்து, 'எல் 10 9ன்னு இருக்கு, 9, 1969, நீ தப்பா தேச்சிருக்கே'ன்னார். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். மொத எழுத்து மாசம், ஏ ஜனவரின்னு ஆரம்பிச்சா எல் பன்னெண்டாவது எழுத்து, டிசம்பர். 10ஆம் தேதி, 1969 டிசம்பர். ஆமா 1969தான். ஆனா இந்தக் கார் 1969 ஏப்ரல்ல ஃபேக்டரியை விட்டு வெளிய போயிடுச்சு. பொறந்து எட்டு மாசம் கழிச்சு வார்த்த எஞ்சின் எப்படி அது வயித்துல இருக்கும்? டிசம்பர்ல வார்த்தது அடுத்த வருஷ மாடலுக்கான எஞ்சின், 70 மாடல், குத்தினதும் அதையேதான் சொல்லுது. பாசஞ்சர் பக்கம் பின்னால வார்ப்பு நம்பர் 9799914, அது 1970 மாடல் 400 பிளாக். ஹெட்ல நடு எக்ஸாஸ்ட் போர்ட்டு மேல 13ன்னு பெருசா இருந்துச்சு, 1969 ஆட்டோமேடிக்னா அங்க 62 இருக்கணும். நாலு சாட்சி, நாலும் ஒரே வாக்குமூலம்.

ஆனா கார்புரேட்டர் மட்டும் வேற கதை சொல்லுச்சு. ரோச்செஸ்டர் குவாட்ராஜெட், பக்கத்துல 7029268. இந்த நம்பர்ல மொத நாலு இலக்கத்துலயே வருஷம் இருக்கு, 7029ன்னா 1969, 7040ன்னா 1970. ஆக கார்புரேட்டர் இந்தக் காரோட வயசு, எஞ்சின் இல்ல. கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேடிக் 400, கீழ படுத்து அதோட வின் சுருக்கத்தையும் அதே கேக் பேப்பர்ல தேச்சோம், 29பி, காரோட அதே ஆறு இலக்கம். அது ஒரிஜினல். அப்போ நடந்தது கண்ணுக்கு முன்னால தெரியுது: எஞ்சின் ஏதோ ஆயிருக்கு, அப்பா வேற ஒரு 400 வாங்கி, தன்னோட பழைய கார்புரேட்டரை அது மேல மாட்டி, அதே கியர்பாக்ஸோட சேத்து ஓட்டியிருக்கார். தெரிஞ்சு செஞ்ச வேலை, ஒய்எஸ் கோடு உள்ள எஞ்சினாவே தேடிப் புடிச்சிருக்கார் பாருங்க.

நண்பர் ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டார். எஞ்சின் போனதை விட அப்பா அதைச் சொல்லவே இல்லைங்கறதுதான் அவருக்குக் கஷ்டம்னு நினைக்கிறேன்.

அந்த நேரம் பாத்து அவங்கம்மா காபி கொண்டுவந்தாங்க. நாங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டு நிக்கறதைப் பாத்து என்னன்னு கேட்டாங்க, சொன்னோம். அவங்க சாதாரணமா சொல்றாங்க, 'ஆமா, அது 74ல வெடிச்சுதே, என் அம்மா வீட்டுக்குப் போறப்போ ஐ-75 ஹைவேல, ஒரே புகை, அந்த வாரம் பூரா உங்கப்பா யார்கிட்டயும் பேசல.' ஐம்பது வருஷமா யாரும் அவங்ககிட்ட கேக்கவே இல்ல. குடும்ப வரலாறு எல்லாம் ஆம்பளைங்க வாயிலயே சுத்திட்டு இருந்திருக்கு.

பழைய எஞ்சினை என்ன பண்ணினார்னு கேட்டேன். ஷெட்டோட அந்த மூலையைக் கை காட்டினாங்க.

அங்க ஒரு டயர் மேல கித்தான் போத்தி ஒரு மூட்டை, அது மேல ஒரு பலகை, பலகை மேல பூந்தொட்டி. காலைல இருந்து நான் அதைத் தாண்டித் தாண்டிதான் போய் வந்துட்டு இருந்தேன். அதுவும் அதைப் பக்கத்துல இருந்த துருப்பிடிச்ச சாமானோட சேத்து அடுத்த வாரம் எடுத்துட்டுப் போக நண்பர் ஏற்கெனவே காயலாங்கடை ஆளுக்குச் சொல்லி வச்சிருந்தார். கித்தானைத் தூக்கினா கவுந்து கெடக்கற ஒரு பிளாக், சம்ப் இல்ல, ஹெட் இல்ல, உள்ள எலிக்கூடு.

மூணு பேர் சேந்து பொரட்டினோம். பக்கச் சுவர்ல, கீழ் ஓரத்துக்குக் கொஞ்சம் மேல, என் கை நுழையற அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் வெளிப்பக்கமா பிதுங்கி இருக்கு. உள்ள இருந்து அடிச்சது. அந்தக் காலத்து பாண்டியாக் 400ல கனெக்டிங் ராட் வார்ப்பு ராட், அதிக ஆர்பிஎம்ல முறுக்கினா அதுதான் மொதல்ல கையை விரிக்கும், ஒடிஞ்ச ராட் கிராங்க்கோட சுத்தி பிளாக்கை உடைச்சுட்டு வெளிய எட்டிப் பாக்கும். ஐ-75ல நடந்தது அதுதான்.

துரு இருந்தாலும் இதுல நம்பர் படிக்க ரொம்ப ஈஸி, பெயின்ட் அப்பவே உதிர்ந்துடுச்சு. வார்ப்பு நம்பர் 9790071. தேதி சி 18 9, மார்ச் 18, 1969, கார் பாடி ஏப்ரல் மூணாவது வாரம், நடுவுல ஒரு மாசம், இப்படித்தான் இருக்கணும், வார்த்து, கடைஞ்சு, சேத்து, காருக்குப் போக அவ்ளோ நாள் ஆகும். முன்னால ஒய்எஸ். கேக் பேப்பர்ல கடைசித் துண்டை எடுத்து நண்பர் கையில பென்சிலைக் குடுத்தேன், நீயே தேய்னு. 29பி. அப்புறம் ஒவ்வொரு இலக்கமா எழும்ப எழும்ப அவங்கம்மா டேஷ்போர்டு தகட்டுல இருந்து சத்தமா படிச்சுட்டே வந்தாங்க. ஆறும் சரி.

அப்புறம் பேப்பர் வேலை. பாண்டியாக் கார் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு கொடுப்பினை, கம்பெனியோட பழைய பில்லிங் ரெக்கார்டு அழியாம இருக்கு, பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்னு ஒரு இடத்துல வின் நம்பர் குடுத்தா அந்தக் கார் என்னென்ன ஆப்ஷனோட எந்த டீலருக்குப் போச்சுன்னு நகல் அனுப்புவாங்க. செவ்ரலேக்காரங்களுக்கு இந்த வசதி இல்லாம அவங்க படற பாடு தனி. வந்த நகல்ல ஆட்டோமேடிக் கியர் இருக்கு, பவர் ஸ்டியரிங் இருக்கு, ராம் ஏர் வரி இல்ல. டீலர் அவங்க வீட்டுப் பக்கத்து ஊர்தான், அதனால புதுசா வாங்கின கதை மட்டும் நின்னுச்சு. ஆனா ஒண்ணு, அந்த நகல் கார் எப்படிப் பொறந்துச்சுன்னுதான் சொல்லும், இன்னைக்கு பானட்டுக்குள்ள உக்காந்திருக்கறது எதுன்னு சொல்லாது. அதை வச்சுக்கிட்டே ஒரிஜினல்னு விக்கறவங்களையும் பாத்திருக்கேன்.

உடைஞ்ச பிளாக்கை ஒரு மெஷின் ஷாப்ல குடுத்து விரிசல் பாக்கற டெஸ்ட் பண்ணினோம். ஓட்டையைத் தைக்கலாம், வார்ப்பிரும்பைத் தைக்கற வித்தை இருக்கு, ஸ்க்ரூ மாதிரி பின் ஒண்ணு மேல ஒண்ணா போட்டு மூடுவாங்க, ஆனா விரிசல் ஒண்ணு கிராங்க் உக்கார்ற சுவர் வரைக்கும் ஓடியிருக்கு, தைச்சாலும் ஓட்டறதுக்கு நாங்க உத்தரவாதம் தர மாட்டோம்னு நேரா சொல்லிட்டாங்க. நேர்மையான பதில்.

இந்தக் கதை வெளிய பரவினதும் கார் வாங்கறேன்னு வந்த ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார், வேற ஒரு நல்ல 9790071 பிளாக் வாங்கு, தேதியும் பக்கத்துல இருக்கற மாதிரி பாத்துக்கோ, அதுல இந்த நம்பரைக் குத்திடலாம், யாருக்குத் தெரியும்னு. ஏமாத்து வேலை, வேற பேர் அதுக்கு இல்ல, சட்டப்படியும் வம்பு. நண்பர் வாசல்லயே அனுப்பிட்டார், நான் அதுக்கே அவருக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்தேன்.

என் கருத்தைக் கேட்டா, 1970 எஞ்சினை அப்படியே ஓட விடறதுதான் சரி. அதே 400, அதே 350 குதிரைசக்தி, 74ல இருந்து அந்தக் குடும்பத்தைச் சுமந்தது அதுதான், மாத்தாந்தாய்க் கொடுமை பண்ண வேண்டியதில்ல. ஒரிஜினல் பிளாக் காரை விட்டுப் பிரியக்கூடாது, நாளைக்கு வித்தா ரெண்டும் சேந்தே போகணும், உடைஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டே விக்கணும். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். அப்படியேதான் முடிவாச்சு. இப்போ அது எலிக்கூடெல்லாம் எடுத்து, எண்ணெய் பூசி, நண்பர் வீட்டு கராஜ்ல ஒரு ஸ்டாண்ட்ல நிக்குது. பென்சில்ல தேச்ச மூணு பேப்பரையும் பில்லிங் நகலோட சேத்து டேஷ்போர்டு டப்பால வச்சிருக்கார். பானட்ல ராம் ஏர் ஸ்டிக்கர் மட்டும் இன்னும் இருக்கு, அப்பா ஒட்டினதுன்னு உரிக்க மாட்டேங்கறார்.

பழைய ஹெட் ரெண்டுல ஒண்ணு ஷெல்ஃபுக்கு அடியில கெடைச்சுது, 62தான். இன்னொண்ணைக் காணோம். அவங்கம்மா யோசிச்சு யோசிச்சு, கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டு குடுக்க உங்கப்பா ஏதோ கனமா ஒண்ணு வச்சிருந்தாரே, அங்க போய் பாருங்கன்னிருக்காங்க, பனி கரைஞ்சதும் தோண்டப் போறோம்.